நிற்கத் தெரிந்த அம்பாசிடர்

கொல்கத்தாவின் மல்லிக் பஜாரில் எந்தப் பழைய காருக்கு எந்த உதிரி பாகத்தைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "லேகே ஜாபே." பொருந்திவிடும் என்று அர்த்தம். டெல்லி மாயாபுரியில் அதையே இந்தியில் சொல்வார்கள். சென்னை புதுப்பேட்டையில் "கரெக்டா உட்கார்ந்துடும் சார்." மொழிதான் மாறுகிறது, நம்பிக்கை ஒன்றுதான். செத்துப்போன கார்களை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, உயிரோடிருக்கும் கார்களுக்கு விற்கும் இந்தச் சந்தைகள் இந்தியாவின் பழைய கார்களுக்கு உறுப்பு தான வங்கிகள்.

இங்கே அதிகம் தேடப்படும் உறுப்புகளில் ஒன்று, கடைசிக் காலத்து அம்பாசிடர்களில் முன்சக்கரங்களுக்கு வந்த டிஸ்க் பிரேக். தேடுபவர்கள் பெரும்பாலும் எழுபதுகளின், எண்பதுகளின் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். ஒரு ஜோடி டிஸ்க், இரண்டு காலிபர், ஹப், கூடவே கொஞ்சம் பேரம். மாலைக்குள் மெக்கானிக் மாட்டிவிடுகிறார். சந்தைக்காரர் சொன்னது பொய்யில்லை. பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிற்பது வேறு. பழைய கார்களை நேசிப்பவர்கள் பலர் இந்த வித்தியாசத்தைத் தாமதமாகத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

இப்படி ஒட்டுப்போடுவது அம்பாசிடரில் சாத்தியமாவதற்குக் காரணம் அதன் பிறவிக் குணம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-ல் மேற்கு வங்கத்தின் உத்தர்பாடாவில் பிறந்த கார், 2014 மே மாதம் ஆலையின் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய அதே உடலோடு இருந்தது. முகப்பு மாறியது, இன்ஜின் மாறியது, டாஷ்போர்டு மாறியது. எலும்புக்கூடு மட்டும் அப்படியே. பேரனின் உறுப்பைத் தாத்தாவுக்குப் பொருத்தலாம் என்ற வசதி உலகத்தில் வெகு சில கார்களுக்கே வாய்த்தது. புதிய கார்களின் உலகில் ஐம்பத்தாறு வருடம் மாறாமலிருப்பது வெட்கக்கேடு. பழைய கார்களின் உலகில் அதுவே வரம்.

மும்பையின் பிரீமியர் பத்மினிக்கும் இதே கதை. ஃபியட் 1100-ன் இந்திய வாரிசான அந்தக் காரின் கடைசி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவாயிற்று. இருபது வருட ஆயுள் முடிந்து 2023 அக்டோபரில் தெருவைவிட்டுப் போனது. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகளும் 15 வருட வரம்பால் வருடந்தோறும் குறைந்துவருகின்றன. ஆலை மூடிவிட்டது, டாக்ஸியும் போகிறது. டாக்ஸிகள் ஓடியவரைதான் பிரேக் ஷூவும் புஷ்ஷும் புதிதாக உருவாக்கி விற்பதில் வியாபாரம் இருந்தது. இனி ஒரு பழைய காரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இன்னொரு பழைய கார் சாக வேண்டும்.

அந்தச் சாவு எப்போதும் இயற்கையாக நிகழ்வதில்லை என்பது வேறு விஷயம். உத்தரப் பிரதேசத்தின் மீரட்டில் சோட்டிகஞ்ச் என்ற புகழ்பெற்ற உதிரி பாகச் சந்தையை, திருட்டு வண்டிகள் அங்கே பிரிக்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டின் பேரில் போலீஸ் 2021 டிசம்பரில் இழுத்து மூடியது. காயலான் கடையில் வாங்கும் பிரேக்குக்கு ரசீது கேட்பது பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் பிரேக்கை ஏன் மாற்ற வேண்டும்? காரணம் காரில் இல்லை, சாலையில் இருக்கிறது. அம்பாசிடர் பிறந்தபோது அதற்கு முன்னால் போனது மாட்டுவண்டி அல்லது லாரி. இன்று முன்னால் போவது ஏபிஎஸ் பொருத்திய கார். 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் தயாராகும் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அந்த டிரைவர் சட்டென்று மிதித்தால் அவருடைய கார் நின்றுவிடும். பின்னால் வரும் 1974-ஆம் வருட அம்பாசிடர் நிற்க வேண்டுமே! 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒவ்வொரு விநாடியும் பதினாறரை மீட்டருக்கு மேல் கடக்கிறது. வேகம் இரட்டித்தால், நிற்கத் தேவையான தூரம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. நான்குவழிச் சாலை வந்த பிறகு அம்பாசிடரும் எண்பதில் போகிறது. அதன் பிரேக் மட்டும் இன்னும் நாற்பதில் இருக்கிறது.

இதற்கு மேல் இன்னொரு பாவமும் உண்டு. பெட்ரோல் விலைக்குப் பயந்து பல அம்பாசிடர்களில் ஒரு காலத்தில் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கிவைத்தார்கள். முன்பக்கம் கனத்தது. பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஓட வைப்பதற்குச் செலவழிக்கத் தயாராக இருக்கும் இந்தியன், நிறுத்துவதற்குச் செலவழிக்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறான்.

டிரம் பிரேக்கைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. பெடலை மிதித்ததும் உள்ளேயிருக்கும் ஷூ, சுழலும் டிரம்மின் உள்சுவரில் அழுந்துகிறது. சுழற்சி அந்த ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அந்த இழுப்பே ஷூவை மேலும் அழுத்தமாகப் பதிய வைக்கிறது. அதாவது காரின் வேகமே அதை நிறுத்த உதவுகிறது. அதனால்தான் பூஸ்டர் இல்லாத பழைய வண்டிகளைக்கூட ஒற்றைக் காலால் நிறுத்த முடிந்தது. ஆனால் மலைப்பாதையில் தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறி விரிந்து ஷூவைவிட்டு விலகுகிறது. லைனிங்கும் பிடியை இழக்கிறது. பெடல் கீழே போகிறது, கார் நிற்பதில்லை. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் கொல்கத்தாத் தெருக்களைக் கடந்த பிறகு டாக்ஸி டிரைவர்கள் பெடலை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். டிரம்முக்குள் புகுந்த தண்ணீரைக் காயவைக்கும் வித்தை அது.

டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லைகள் குறைவு. திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறுகிறது, தண்ணீரை உதறிவிடுகிறது. ஆனால் டிரம்மிடம் இருந்த அந்த இழுப்பு டிஸ்க்கிடம் கிடையாது. பேட் எவ்வளவு அழுத்தப்படுகிறதோ அவ்வளவுதான் பிடி. எனவே டிஸ்க்குக்கு அதிக அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தம் எங்கிருந்து வரும்? பழைய மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வராது. கடைசிக் காலத்து அம்பாசிடரில் டிஸ்க்கோடு பூஸ்டரும் சேர்ந்து வந்தது அலங்காரத்துக்காக அல்ல. சந்தையில் டிஸ்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு பூஸ்டரை விட்டுவிட்டு வருபவர், வாளை வாங்கிவிட்டுப் பிடியை மறந்தவர். "டிஸ்க் போட்டும் பிரேக் பிடிக்கலையே" என்ற புலம்பலின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

பெடல் கல்லாக இருக்கிறது அல்லது பஞ்சாக இருக்கிறது என்றதும் சில மெக்கானிக்குகள் கைக்குக் கிடைத்த வேறொரு மாஸ்டர் சிலிண்டரைப் போடுவார்கள். இங்கே கணக்கு முக்கியம். முக்கால் அங்குலத் துளை கொண்ட சிலிண்டருக்குப் பதில் முக்காலே அரைக்கால் அங்குலத் துளை கொண்டதைப் போட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது. அதே அழுத்தம் கிடைக்க, காலும் 36 சதவீதம் அதிகமாக உழைக்க வேண்டும். பெடல் உயரத்திலேயே நிற்கும். உரிமையாளர் "என்ன கெட்டியா இருக்கு!" என்று சந்தோஷப்படுவார். கெட்டியான பெடல் நல்ல பிரேக்கின் அடையாளம் என்பது கராஜ்களின் மூடநம்பிக்கைகளில் தலையாயது.

டிரம் பிரேக்குக்கான குழாய் அமைப்பில், பெடலை விட்ட பிறகும் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் சிறிய வால்வு ஒன்று இருப்பதுண்டு. டிரம்முக்கு அது தேவை. அதையே டிஸ்க்கின் வழியில் விட்டுவைத்தால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டேயிருக்கும். பத்து கிலோமீட்டரில் சக்கரம் கொதிக்கும். சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து ஆவிக்குமிழி விடும். குமிழியை மிதித்தால் பெடல் தரையைத் தொடும். ஒரு சின்ன வால்வை மறந்ததன் விலை இவ்வளவு.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலை குலைவது. பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரங்கள் லேசாகின்றன. எனவே முன்சக்கரம்தான் அதிக வேலை செய்ய வேண்டும். முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் திரும்பாது, நேரே வழுக்கும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும், கார் சுழலும். நான்கு டிரம்முக்காக அளந்துவைத்த அமைப்பில், பின்னால் பெரிய வீல் சிலிண்டரைப் போட்டு "பேலன்ஸ்" செய்வதாகச் சொல்லும் கைவண்ணம், மழை பெய்யும் ஒரு நாளில்தான் தன் உண்மை முகத்தைக் காட்டும்.

சஸ்பென்ஷனிலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். ஆளும் மூட்டையும் ஏற்றிப் பின்பக்கம் தொய்ந்த அம்பாசிடருக்கு வழக்கமான வைத்தியம், கமானில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. தொய்வு போய்விடும். கூடவே காலியாக ஓடும்போது பின்பக்கம் துள்ளும், ஹெட்லைட் தாழும், பிரேக் பிடிக்கையில் ஏற்கெனவே லேசாகும் பின்சக்கரம் இன்னும் லேசாகும். கமானைத் தொட்டவர் பிரேக்கையும் தொட்டுவிட்டார், அவருக்குத் தெரியாமலே.

முன்பக்கத்தில் அம்பாசிடருக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கேறி எடையைத் தாங்கும் டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுக் கம்பி. பார்வைக்கு இடதும் வலதும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒரு பக்கமாக முறுக்கிப் பழகிய கம்பியை மறுபக்கம் மாட்டி எதிர்த்திசையில் முறுக்கினால் அது நாளடைவில் தளரும், உடையவும் கூடும். பிரித்து அடுக்கிய சந்தையில் எது இடது, எது வலது என்று எழுதிவைத்திருப்பவர் குறைவு. ஷாக் அப்சார்பர் விஷயத்தில் நீளம்தான் உயிர்நாடி. வேறு காரின் ஷாக் அப்சார்பர் போல்ட்டில் ஏறிவிடும். ஆனால் பள்ளத்தில் விழும்போது ரப்பர் நிறுத்தியைச் சக்கரம் தொடுவதற்கு முன்பே அது முழுதாக மடங்கிவிட்டால், அடி முழுதும் அதன் தாங்கியில் விழும். வெல்டிங் பிளந்துகொண்டு வருவதற்கு அதிக நாள் ஆகாது.

இந்த விஷயத்தில் இந்தியாவின் பழைய கார் உலகம் இரண்டு கட்சிகளாகப் பிரிந்திருக்கிறது. ஆலையைவிட்டு வந்தபடியே இருக்க வேண்டும் என்பது ஆசாரக் கட்சி. 1964-ல் டெல்லியில் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் பழைய கார் ஊர்வலம் போன்ற விழாக்களில் நடுவர்கள் அசல் தன்மைக்குத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். அரசாங்கமும் அதே கட்சிதான். ஐம்பது வயதைத் தாண்டிய கார்களுக்கென 2021-ல் வந்த விதிகள், அசல் வடிவம் மாறாதவற்றுக்கே "வின்டேஜ்" பதிவை அளிக்கின்றன. எதிரே இருப்பது சீர்திருத்தக் கட்சி: கார் ஓடுவதற்குத்தானே, அலமாரியில் வைப்பதற்கா என்று கேட்பவர்கள்.

ஆசாரக்காரர்களின் வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. அசல் பிரேக் எவ்வளவு பழையதானாலும், அது ஒரு பொறியியலாளர் கணக்குப் போட்டு, ஒரு தொழிற்சாலை சோதித்துப் பார்த்த முழு அமைப்பு. அதை நன்றாகப் பராமரித்து, வேகத்தை அடக்கி ஓட்டினால் இன்றும் நிற்கும். அரைகுறையாக மாற்றிய டிஸ்க்கைவிட ஒழுங்காக வைத்திருக்கும் டிரம் எவ்வளவோ மேல். ஆனால் சீர்திருத்தக்காரர்களின் நியாயம் அதைவிடப் பெரிது. தெருவைக் கடக்கும் பள்ளிக் குழந்தைக்கு அசல் தன்மையின் மகத்துவம் தெரியாது. விழாவில் வருடத்துக்கு ஒரு முறை ஓடும் காருக்கு ஒரு நியாயம், தினமும் ஆபீஸுக்குப் போகும் காருக்கு இன்னொரு நியாயம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே வருடம் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம்வரை சிறை அல்லது இரண்டும். இன்ஜினும் நிறமும் பதிவுச் சான்றிதழில் உண்டு. பிரேக் டிரம்மா, டிஸ்க்கா என்று அதில் பத்தி இல்லை. எனவே பிரேக் மாற்றம் இருட்டும் வெளிச்சமும் இல்லாத ஓரிடத்தில் கிடக்கிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. விபத்து நடந்த பிறகுதான் கேள்வி வரும். கேட்பவர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரராக இருப்பார்.

இந்த மௌனம் யாருக்கும் நல்லதல்ல. 15 வருடம் தாண்டிய கார் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க அதிகாரியின் முன் நிற்கிறது. அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. இவ்வளவு வாங்கும் அரசாங்கம் அதற்கு ஈடாக ஒன்று செய்யலாம். வணிக வாகனங்களைச் சோதிக்கும் தானியங்கி நிலையங்களில் ரோலர் பிரேக் சோதனைக் கருவி உண்டு. சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தினால், எந்தச் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, இடது வலது பேதம் என்ன என்று சில நிமிடங்களில் எண்ணாகவே சொல்லிவிடும். பிரேக்கை மாற்றிய பழைய காரை அதில் ஏற்றிப் பார்த்து, தேறினால் சான்றிதழில் குறித்துக்கொடுப்பதில் என்ன தடை? எதையும் மாற்றக்கூடாது என்பதைவிட, மாற்றியது நிற்கிறதா என்று பார்ப்பது உயிர்களைக் காக்கும்.

அதுவரை பொறுப்பு உரிமையாளரின் தலையில்தான். நல்ல மெக்கானிக்குகள் இதில் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ரகசியமானதல்ல. பிரேக்கைத் துண்டு துண்டாக வாங்காமல் ஒரே காரிலிருந்து முழு செட்டாக எடுப்பார்கள்: டிஸ்க், காலிபர், ஹப், ஸ்டப் ஆக்ஸில், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், அதன் தாங்கிகூட. ஒற்றை வழிக் குழாய் அமைப்பு கொண்ட பழைய வண்டியில், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழிவிடும் இரட்டை மாஸ்டர் சிலிண்டரை இந்தச் சாக்கில் போட்டுவிடுவார்கள். ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் பிடிக்கும். பழைய ரப்பர் சீல், ஹோஸ் எதையும் திரும்பப் பயன்படுத்த மாட்டார்கள். எளிதாக வளைகிறது என்பதற்காகச் செம்புக் குழாய் போட மாட்டார்கள். அதிர்வில் செம்பு கடினப்பட்டு விரிசல் விடும். பழைய டிரம்மைத் திறந்தால் தூசியைக் காற்றடித்து ஊத மாட்டார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். டயரையும் பார்ப்பார்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை, காரை நிறுத்துவது டயர். கழற்றிய அசல் பாகங்களைப் பெயர் எழுதிக் கட்டி உரிமையாளரிடமே கொடுப்பார்கள், நாளை ஆசாரக் கட்சிக்குத் திரும்ப நினைத்தால் உதவும்.

எல்லாம் முடிந்து ஏர் எடுத்த பிறகு, வண்டி உடனே ஹைவேக்குப் போகாது. ஆளில்லாத தெருவில் இருபதில் ஓட்டி நிறுத்துவார்கள், பிறகு முப்பதில், நாற்பதில். ஒவ்வொரு முறையும் இறங்கி நான்கு சக்கரங்களின் சூட்டையும் கையை அருகே நீட்டிப் பார்ப்பார்கள். ஒன்று மட்டும் கொதித்தால் மறுபடி பிரிப்பார்கள். இதற்கெல்லாம் ஒரு நாள் கூடுதலாகும், கூலியும் கூடும். அந்த ஒரு நாளைத்தான் அவசரக்கார உரிமையாளர்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

இப்படிச் செய்யத் தெரிந்த கைகள் டாக்ஸிகளோடு சேர்ந்து குறைந்துவருகின்றன. அவர்களுடைய பிள்ளைகள் கம்ப்யூட்டர் மாட்டிக் கோளாறு பார்க்கும் சர்வீஸ் நிலையங்களுக்குப் போய்விட்டார்கள். மல்லிக் பஜாரில் டிஸ்க் இன்னும் சில காலம் கிடைக்கும். அதை எதனோடு சேர்த்து மாட்ட வேண்டும் என்று சொல்ல ஆள் கிடைப்பதுதான் கஷ்டமாகும். அதனால் அடுத்த முறை யாராவது "பொருந்திவிடும்" என்று சொன்னால், அம்பாசிடர்காரர் பணத்தை எடுப்பதற்கு முன் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: "சரி, நிற்குமா?"